லெஸ்டாட்டிடம் கோபித்துக்கொண்டவர்கள்

அமெரிக்க எழுத்தாளர் ஆன் ரைஸ் 1976ஆம் ஆண்டு வெளியிட்ட 'இன்டர்வியூ வித் த வேம்பயர்' நாவலின் முதல் வாசகன் அந்த நாவலுக்குள்ளேயே இருக்கிறான். சான் பிரான்சிஸ்கோவில் ஓர் அறையில் அமர்ந்து, லூயி என்னும் இரத்தக்காட்டேரி இரவு முழுவதும் சொல்லும் வாழ்க்கைக் கதையை ஒலிநாடாவில் பதிவு செய்துகொண்டிருக்கும் இளைஞன் அவன். தம்பியை இழந்த குற்றவுணர்வு, தன்னை இந்த நிலைக்கு மாற்றிய லெஸ்டாட்டின் மீதான வெறுப்பு, மகளாக வளர்த்த கிளாடியா பாரிஸில் வெயிலில் எரிந்து சாம்பலான கொடுமை, அதற்குப் பிறகு எதையும் உணர முடியாமல் மரத்துப்போன மனம் என்று ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளின் துயரத்தை லூயி சொல்லி முடிக்கிறான். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அந்த இளைஞன் தன்னையும் இரத்தக்காட்டேரியாக ஆக்கிவிடும்படி கெஞ்சுகிறான். தான் சொன்னதெல்லாம் வீணாகிவிட்டதே என்று லூயிக்கு ஆத்திரம் பொங்குகிறது. அவன் கழுத்தைக் கடித்து மயக்கத்தில் போட்டுவிட்டுப் போய்விடுகிறான். மயக்கம் தெளிந்து எழுந்த இளைஞன் நாடாவைப் பின்னால் ஓட்டி, நியூ ஆர்லியன்ஸில் லெஸ்டாட் பதுங்கியிருக்கும் பாழடைந்த வீட்டுக்கு வழி சொல்லும் பகுதியைத் தேடிக் கேட்டு, அதைக் குறித்துக்கொண்டு காரை நோக்கி விரைகிறான்.

பின்னாளில் 'வேம்பயர் கிரானிக்கிள்ஸ்' என்று பெயர் பெற்று 13 நாவல்களாக வளர்ந்த இந்தத் தொடருக்கு வாசகர்கள் காட்டிய எதிர்வினை முழுவதும் அந்தக் காட்சியிலேயே அடங்கியிருக்கிறது என்பது என் எண்ணம். எச்சரிக்கையாகச் சொல்லப்பட்டதை அவர்கள் அழைப்பாக எடுத்துக்கொண்டார்கள். பொதுவாகத் திகில் தொடர்களில் வாசகரின் குரல் புத்தகத்தை மூடிய பிறகுதான் எழும். இங்கோ அது கதைக்கு உள்ளேயிருந்தே எழுகிறது. ஒவ்வொரு முக்கியமான பாகமும், அதற்கு முந்தைய பாகத்தைக் கேட்டவரோ படித்தவரோ அதை ஏற்க மறுத்ததால் பிறந்திருக்கிறது. அப்படி ஒரு தொடரைக் கட்டியெழுப்பிய எழுத்தாளரே பிற்காலத்தில் தம் வாசகர்களின் மறுப்பைத் தாங்க முடியாமல் வெடித்ததை நினைக்கும்போது, அந்த முதல் நாவலில் லூயி கொண்ட கோபம்தான் எனக்கு நினைவுக்கு வருகிறது.

முதல் நாவலின் பின்னணி பலருக்கும் தெரிந்ததுதான். ரைஸின் மகள் மிஷெல் இரத்தப் புற்றுநோயால் 1972இல், ஆறு வயது நிறைவதற்குச் சற்று முன்பாக, இறந்துபோனாள். அடுத்த ஆண்டு, கலிபோர்னியாவின் பெர்க்லியில் வசித்தபோது, தாம் முன்பு எழுதி வைத்திருந்த ஒரு சிறுகதையை எடுத்து விரித்து, சில வாரங்களுக்குள் ரைஸ் அதை நாவலாக்கினார். அதில் தாய் பிளேக் நோயில் இறந்து கிடக்க, அருகில் அழுதுகொண்டிருக்கும் ஐந்து வயதுக் குழந்தையின் இரத்தத்தை லூயி அருந்துகிறான். பின்னர் லெஸ்டாட் அவளைச் சாகவிடாமல் இரத்தக்காட்டேரியாக்குகிறான். உடல் ஐந்து வயதிலேயே நின்றுபோக, மனம் மட்டும் பத்து பத்து ஆண்டுகளாக முதிர்ந்துகொண்டே போகும் அந்தக் கிளாடியாவை எழுதிக்கொண்டிருந்த நாட்களில், தாம் எழுதுவது தம் மகளைத்தான் என்பது தமக்குத் தெரியவில்லை என்று ரைஸ் பிற்பாடு பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். வாசகர்கள் பலருக்கு அது தெரிந்துவிட்டது. மிஷெலைப் பற்றி எதுவும் அறியாதவர்கள்கூட, பிள்ளையைப் பறிகொடுத்தவர் எழுதிய பக்கங்கள் இவை என்பதை உணர்ந்துகொண்டார்கள்.

இதனால்தான் இந்த நாவலைப் படித்துப் பயந்தேன் என்று சொல்பவரை நான் அதிகம் சந்தித்ததில்லை. இரவில் விளக்கை அணைக்க முடியவில்லை, கதவைத் தாழிட்டுக்கொண்டு படித்தேன் என்பதெல்லாம் வேறு பேய்க்கதைகளைப் படித்தவர்கள் சொல்வது. ரைஸின் வாசகர்கள் இரத்தக்காட்டேரியின் எதிரில் நின்று நடுங்கவில்லை. அவனுடைய இடத்தில் நின்று உலகத்தைப் பார்த்தார்கள். அதுவரை வந்த இரத்தக்காட்டேரிக் கதைகளில் பெரும்பாலானவை வேட்டைக்காரரின் பக்கம் நின்று சொல்லப்பட்டவை. இங்கே வேட்டையாடப்பட வேண்டியவன் 'நான்' என்று தொடங்கிப் பேசுகிறான். தான் செய்வது பாவம் என்று தெரிந்தும் செய்யாமல் இருக்க முடியாதவன் அவன். குடும்பத்தாலும் கோயிலாலும் ஊராலும் வெளியே தள்ளப்பட்டதாக உணர்ந்த பலர் இந்த 'நான்' தம்முடையது என்று எடுத்துக்கொண்டனர். ஒரு குழந்தையை இருவருமாக வளர்த்துக்கொண்டு ஒரே வீட்டில் அறுபத்தைந்து ஆண்டுகள் வாழும் லூயியிடமும் லெஸ்டாட்டிடமும், தன்பாலினத்தை நேசிப்பவர்கள் தங்கள் வாழ்க்கையின் சாயலைக் கண்டார்கள். வெளியாட்களின் வாழ்வுக்கு இரத்தக்காட்டேரி ஓர் உருவகம் என்று ரைஸும் பலமுறை ஒப்புக்கொண்டார்.

நான் இந்த நாவலைப் படித்தது மதுரையில், கல்லூரி நாட்களில், ஒரு வாடகை நூலகத்தின் நைந்துபோன பிரதியில். எனக்கு முன்னால் படித்த யாரோ ஒருவர் பென்சிலால் அங்கங்கே தமிழில் குறிப்பு எழுதி வைத்திருந்தார். தனக்கு ஒருபோதும் வாய்க்காத முழுப் பெண்ணுடலைப் பற்றிக் கிளாடியா பேசும் பக்கத்தின் ஓரத்தில் 'பாவம், இவளுக்கு எப்போதுதான் விடியும்' என்று இருந்தது. கிளாடியாவின் கதை விடியலில்தான் முடிகிறது என்பதை அவர் இன்னும் படித்திருக்கவில்லை போலும். வெயிலில் அவள் எரியும் அத்தியாயத்தில் ஒரு கீறல்கூட இல்லை. புத்தகத்தில் எழுதுவது எனக்குப் பிடிக்காத பழக்கம்தான் என்றாலும், இந்த நாவலுக்கு வந்த மதிப்புரைகள் பலவற்றைவிட அந்த ஒரு வரியும் அதற்கடுத்த மௌனமும் எனக்குப் பெரிதாகப் படுகின்றன.

இரண்டாம் பாகம் வருவதற்கு ஒன்பது ஆண்டுகள் ஆயின. 1985இல் வெளியான 'த வேம்பயர் லெஸ்டாட்' நாவலின் அமைப்பை நான் இந்தத் தொடரின் மிகத் துணிச்சலான செயல் என்று கருதுகிறேன். பல ஆண்டுகளாக மண்ணுக்கடியில் கிடந்த லெஸ்டாட், பக்கத்து வீட்டில் பயிற்சி எடுக்கும் ராக் இசைக்குழு ஒன்றின் சத்தத்தால் 1984இல் விழித்தெழுகிறான். தன்னைப் பற்றி ஒரு புத்தகம் வந்திருப்பதை அந்தக் குழுவினர் மூலம் அறிகிறான். அது நாம் கையில் வைத்திருந்த அதே முதல் நாவல். அதைப் படிக்கிறான். கோபப்படுகிறான். லூயி தன்னைப் புரிந்துகொள்ளவே இல்லை, தெரியாததைத் தெரிந்ததுபோல் சொல்லியிருக்கிறான், தான் கொன்றவர்களில் பலர் கொடியவர்கள் என்பதைக்கூட அவன் கவனிக்கவில்லை என்று மறுத்து, தன் பக்கத்துக் கதையை எழுதத் தொடங்குகிறான். முதல் பாகத்தின் வில்லன் அதன் கோபக்கார வாசகனாகி இரண்டாம் பாகத்தின் ஆசிரியனாகிறான். பிரான்சின் ஓவெர்ன் மலைப்பகுதியில் ஏழைப் பிரபுவின் மகனாகப் பிறந்து, பனியில் தனியாக ஓநாய்க் கூட்டத்தை எதிர்த்து நின்ற ஒருவனுடைய கதையை நாம் படித்து முடிக்கும்போது, முன்பு லூயியோடு சேர்ந்து அவனை வெறுத்தவர்கள் கட்சி மாறியிருப்பார்கள்.

கதை கேட்பவன் வாய் திறந்தால் கதை தொடரும் என்னும் ஏற்பாடு நமக்குப் புதிதன்று. விக்கிரமாதித்தன் தோளில் தொங்கும் வேதாளம் ஒவ்வொரு கதையின் முடிவிலும் ஒரு கேள்வி கேட்கிறது. பதில் தெரிந்தும் சொல்லாவிட்டால் தலை வெடித்துவிடும், சொன்னால் மௌனம் கலைந்து வேதாளம் மறுபடியும் முருங்கை மரம் ஏறிவிடும். அங்கே கேட்பவனுடைய தீர்ப்பால்தான் அடுத்த கதைக்கு வழி பிறக்கிறது. ரைஸின் தொடரிலும் இதே பொறிதான் இயங்குகிறது. ஒரே வேறுபாடு, இங்கே பதில் சொல்பவன் தானே வேதாளமாகி மரத்தில் ஏறிக்கொள்கிறான். பேட்டி எடுத்த அந்த இளைஞனுக்கும், அவன் பெயர் டேனியல், 1988இல் வந்த மூன்றாம் பாகமான 'த குயின் ஆஃப் த டேம்ண்ட்' நாவலில் அவன் கேட்ட வரம் கிடைத்துவிடுகிறது. லெஸ்டாட் தன் வரலாற்றைப் புத்தகமாக்கியதும் பாட்டாகப் பாடியதும் உலகத்து இரத்தக்காட்டேரிகளைக் கொதிக்க வைக்கின்றன; இரகசியத்தை அம்பலமாக்கிவிட்டான் என்று அவனைக் கொல்லப் புறப்படுகிறார்கள். அதே பாட்டைக் கேட்டுத்தான் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகச் சிலைபோல் அமர்ந்திருந்த இரத்தக்காட்டேரிகளின் அரசி அகாஷா எழுந்து நிற்கிறாள். ஒரு படைப்புக்கு வரக்கூடிய எதிர்வினைகளை, அடிமைப்படும் ரசிகன் முதல் கொலைவெறி கொண்ட விமர்சகர் வரை, இவ்வளவு வெளிப்படையாகக் கதைப்பொருளாக்கிய வேறு திகில் தொடர் எதையும் நான் படித்ததில்லை.

புத்தகத்துக்கு வெளியிலும் ஏறக்குறைய அதே காட்சிகள் நடந்தன. 1988இல் நியூ ஆர்லியன்ஸில் லெஸ்டாட் ரசிகர் மன்றம் ஒன்று தொடங்கப்பட்டது. ஹாலோவீனை ஒட்டி ஆண்டுதோறும் அது நடத்திய நடன விருந்துக்கு ஆயிரக்கணக்கானோர் கறுப்பு உடையும் கோரைப் பற்களும் அணிந்து வந்தனர். அந்நகரின் கார்டன் டிஸ்டிரிக்ட் பகுதியில் ஃபர்ஸ்ட் ஸ்ட்ரீட்டில் இருந்த ரைஸின் வீட்டு வேலிக்கு வெளியே வாசகர்கள் வந்து நின்றார்கள். வாசகர்கள் அழைத்துச் செய்தி பதிவு செய்வதற்கென்றே அவர் ஒரு தொலைபேசி எண்ணை வைத்திருந்தார். 1995இல் ஐந்தாம் பாகம் வெளியானபோது, தமக்கே ஒரு ஜாஸ் இறுதி ஊர்வலம் ஏற்பாடு செய்து, குதிரைகள் இழுத்த சவ வண்டியில், சவப்பெட்டிக்குள் படுத்தபடி புத்தகக் கடைக்கு வந்து இறங்கிக் கையெழுத்துப் போட்டார். எழுத்தாளர் வாசகர்களிடமிருந்து ஒதுங்கியே இருக்க வேண்டும் என்று நினைப்பவர்களுக்கு இதெல்லாம் கூத்தாகத் தெரியும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தம் வாசகர்கள் எதற்காக வருகிறார்கள் என்பதை அவர் நன்றாக அறிந்திருந்தார். அந்த நெருக்கத்தை விலையின்றிக் கொடுத்தார். அதற்கான விலை வேறு வகையில் வந்து சேர்ந்தது.

முதல் நாவல் திரைப்படமானபோது முதல் மோதல் நேர்ந்தது, ஆனால் அது எழுத்தாளரும் வாசகரும் ஒரே பக்கம் நின்ற மோதல். நீல் ஜோர்டன் இயக்கிய படத்தில் லெஸ்டாட்டாக டாம் குரூஸ் நடிக்கிறார் என்ற செய்தி வந்ததும் வாசகர்கள் கொதித்தார்கள்; ரைஸும் அந்தத் தேர்வு விசித்திரமானது என்று பத்திரிகைகளிடம் வெளிப்படையாகச் சொன்னார். பின்னர் தயாரிப்பாளர் அனுப்பிய பிரதியைப் பார்த்துவிட்டு மனம் மாறி, 1994 செப்டம்பரில் 'வெரைட்டி' இதழில் சொந்தச் செலவில் இரண்டு பக்கம் விளம்பரம் கொடுத்து குரூஸைப் பாராட்டினார். பிடிக்காததைப் பிடிக்கவில்லை என்று சத்தமாகச் சொல்லலாம், பார்த்த பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று தம் வாசகர்களுக்கு அவரே முன்மாதிரி காட்டியிருந்தார் என்பதை இங்கே குறித்து வைத்துக்கொள்ள வேண்டும்.

ஐந்தாம் பாகமான 'மெம்னாக் த டெவில்' வாசகர்களை இரண்டாகப் பிளந்தது. அதில் சாத்தான் லெஸ்டாட்டைத் தன் உதவியாளனாக வரும்படி கேட்டு, படைப்பின் தொடக்கத்துக்கும் சொர்க்கத்துக்கும் நரகத்துக்கும் சிலுவைப் பாதைக்கும் அழைத்துச் செல்கிறான். லெஸ்டாட் கிறிஸ்துவின் இரத்தத்தையே பருகுகிறான். கத்தோலிக்கக் குடும்பத்தில் வளர்ந்து, இளம் வயதில் நம்பிக்கையை விட்டு விலகி, 1998இல் மீண்டும் திருச்சபைக்குத் திரும்பிய ஒருவர் தம் திரும்பலுக்கு மூன்று ஆண்டுகள் முன்பு எழுதியது அது. சிலருக்கு அது தொடரின் உச்சம். சிலருக்கு அதோடு தொடர் முடிந்துவிட்டது. என் சித்தி மகள், எனக்கு அக்கா முறை, கத்தோலிக்கப் பள்ளியில் ஆங்கிலம் கற்பிப்பவர். முதல் நான்கு பாகங்களையும் என்னிடமிருந்துதான் வாங்கிப் படித்தார். தேவனையும் சாத்தானையும் விவாதிக்க வைத்ததில் அவருக்கு மனத்தாங்கல் இருக்கும் என்று எதிர்பார்த்துக் கேட்டேன். "அதெல்லாம் ஒன்றுமில்லைப்பா. லெஸ்டாட் இத்தனை பக்கம் வாயை மூடிக்கொண்டு இன்னொருத்தன் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்தால் அவன் லெஸ்டாட்டா?" என்றார். அதற்கு மேல் ஒரு பாகமும் அவர் படிக்கவில்லை.

அக்கா சொன்னதன் முழுப் பொருள் எனக்குப் பின்னால்தான் தெளிவாயிற்று. மறுப்பவனாக இருந்ததால் நாயகனான ஒருவனை அந்த நாவல் வெறும் கேட்பவனாக உட்கார வைத்துவிட்டது. வாசகர்கள் இழந்தது அந்த மறுப்பைத்தான். அதன் பிறகு வந்த பாகங்களில், பழைய துணைப்பாத்திரங்கள் ஒவ்வொருவராகத் தத்தம் வரலாற்றைச் சொல்கிறார்கள். இடையில் ரைஸின் மற்றொரு தொடரான மேஃபேர் சூனியக்காரிகளின் கதையும் வந்து கலக்கிறது. 'பிளட் அண்ட் கோல்டு' போன்றவற்றில் அழகான பகுதிகள் உண்டு என்றாலும், ஒருவர் சொன்னதை இன்னொருவர் உடைக்கும் அந்தப் பழைய வேகம் குறைந்துபோயிற்று. சொன்னதையே வேறொரு சாளரத்திலிருந்து சொன்னார்கள்.

இவற்றின் முடிவாக 2003இல் வந்த 'பிளட் கேன்டிகிள்' நாவலின் முதல் அத்தியாயம் வினோதமானது. லெஸ்டாட் நேராக வாசகரை நோக்கித் திரும்பி, தான் அத்தனை பாடுபட்டுக் கொடுத்த 'மெம்னாக்' கதையை நீங்கள் என்ன செய்தீர்கள், குறைதானே சொன்னீர்கள் என்று திட்டுகிறான். பாத்திரத்தின் வாயில் எழுத்தாளரின் மனக்குறை ஏறி அமர்ந்துகொண்டதை யாராலும் கவனிக்காமல் இருக்க முடியாது. முன்பு லூயியின் புத்தகத்தை மறுத்து எழுந்தவன் இப்போது தன்னை மறுப்பவர்களைக் கடிந்துகொள்கிறான். அந்த நாவலில் அவன் புனிதனாக விரும்புகிறான்; ரோவன் மேஃபேரைக் காதலிக்கிறான்; இருபத்தோராம் நூற்றாண்டின் தெருப்பேச்சைப் பேசுகிறான். நாவலைப் படித்தவர்களில் பலர், இவன் எங்கள் லெஸ்டாட் இல்லை, இதை ஒரு பதிப்பாசிரியர் கண்டிருந்தால் இப்படி வந்திருக்காது என்று எழுதினார்கள்.

2004 செப்டம்பரில் ரைஸ் அமேசான் தளத்தில், அந்தக் கருத்துகள் இருந்த அதே இடத்தில், பத்தி பிரிக்காமல் ஒரே மூச்சில் எழுதிய நீண்ட மறுமொழியை இட்டார். நீங்கள் தவறான இடத்தில் நின்றுகொண்டு இந்த எழுத்தைக் கேள்வி கேட்கிறீர்கள் என்றார். தம் எழுத்தில் பதிப்பாசிரியர்கள் கை வைக்காத நிலையைப் போராடித்தான் பெற்றதாகவும், அதை விட்டுக்கொடுக்கும் எண்ணம் இல்லை என்றும் சொன்னார். பிடிக்காதவர்கள் புத்தகத்தைத் தமக்கு அனுப்பினால் பணத்தைத் திருப்பித் தருவதாகச் சொல்லித் தம் முகவரியையும் கொடுத்தார். இந்த மறுமொழி செய்தித்தாள்கள் வரை போயிற்று. எழுத்தாளர் எப்படி நடந்துகொள்ளக் கூடாது என்பதற்கான உதாரணமாக இன்றும் காட்டப்படுகிறது.

நாவலைப் பற்றிய தீர்ப்பில் நான் வாசகர்கள் பக்கம்தான். தொடரின் மிக பலவீனமான புத்தகம் அது. அதன் முதல் அத்தியாயமே அதற்குச் சாட்சி. ஆனால் அந்த மறுமொழியைக் கேலிப்பொருளாக மட்டும் பார்க்க எனக்கு மனம் வரவில்லை. லெஸ்டாட்டின் தோற்றத்துக்கும் தன்மைக்கும் தம் கணவர் ஸ்டான் ரைஸே மூலம் என்று ரைஸ் சொல்லியிருக்கிறார். இருவருக்கும் பிறந்தநாள்கூட ஒன்றுதான், நவம்பர் 7. கவிஞரும் ஓவியருமான ஸ்டானின் கவிதைகள் 'த குயின் ஆஃப் த டேம்ண்ட்' நாவலின் பக்கங்களில் நெடுக வருகின்றன. அவர் மூளைக் கட்டியால் 2002 டிசம்பரில் இறந்தார். மகள் இறந்த பிறகு எழுதிய முதல் நாவலை உலகம் இரு கைகளாலும் ஏந்திக்கொண்டது. கணவர் இறந்த துக்கத்தின் நிழலில் வெளிவந்த இந்த நாவலை, இவன் எங்கள் லெஸ்டாட் இல்லை என்று திருப்பிக் கொடுத்தது. எந்த லெஸ்டாட் உண்மையானவன் என்று அவரிடம் போய்ச் சொல்வது அந்த ஆண்டில் எவ்வளவு கொடுமையாகக் கேட்டிருக்கும் என்பதை அந்த வாசகர்கள் எண்ணிப் பார்த்திருக்க வேண்டியதில்லை. வாசகருக்கு அந்தக் கடமை கிடையாது. பணத்தைத் திருப்பித் தருகிறேன் என்றதில்தான் ரைஸ் அவர்களைத் தவறாகக் கணித்தார் என்பேன். அவர்களில் எவரும் ஏமாந்த வாடிக்கையாளராக வரவில்லை. பழகிய ஒருவன் ஆளே மாறிப்போனதற்காகச் சண்டை பிடிக்க வந்திருந்தார்கள். லூயி சொன்ன கதையைக் கேட்டு வேறொன்றைக் கேட்ட அந்த இளைஞனுக்கும் இவர்களுக்கும் அதிக தூரமில்லை. லூயியைப் போலவே அவரும் கடித்துவிட்டார்.

இதற்கு முன்பே, 2000ஆம் ஆண்டில், தம் பாத்திரங்களை வைத்து ரசிகர்கள் கதை எழுதுவதை அனுமதிக்க முடியாது, அதை நினைத்தாலே வேதனையாக இருக்கிறது என்று அவர் அறிவித்திருந்தார். ரசிகர் கதைகளுக்கான பெரிய தளம் ஒன்று அவற்றை நீக்கியது. பல ஆண்டுகள் கழித்து, படிக்காமல் ஒதுங்கிப் போவது எளிதாகத்தான் இருக்கிறது, எழுதுகிறவர்கள் எழுதட்டும் என்ற அளவுக்கு அவர் இறங்கி வந்தார். ஒரு பாத்திரம் இன்னொரு பாத்திரத்தின் கதையைத் திருத்தி எழுதுவதையே தொழிலாகக் கொண்ட தொடரின் வாசகர்களிடம் நீங்கள் மட்டும் திருத்தாதீர்கள் என்று சொல்வது நடக்கக்கூடிய காரியமா என்ன.

பிறகு பத்தாண்டுக்கு மேல் இரத்தக்காட்டேரிகள் வரவில்லை. ரைஸ் இயேசுவின் இளமைக்காலத்தைப் பற்றி நாவல்கள் எழுதினார். முதலாவது 2005இல் வெளியானது. பழைய வாசகர்களில் சிலர் கைவிடப்பட்டதாக உணர்ந்தார்கள், சிலர் கூடவே போனார்கள், புதிதாக வந்த பக்திமான்கள் சிலர் முந்தைய புத்தகங்களுக்காக அவர் வருத்தம் தெரிவிக்க வேண்டும் என்று எதிர்பார்த்தார்கள். அவர் அப்படிச் செய்யவில்லை. 2010 ஜூலையில், கிறிஸ்துவிடம் கொண்ட நம்பிக்கை மாறவில்லை, ஆனால் கிறிஸ்தவர் என்ற அடையாளத்தை விடுகிறேன் என்று ஃபேஸ்புக்கில் அறிவித்தார். அந்தப் பக்கத்தில் தினமும் வந்து கூடிய வாசகர்களோடு எந்தப் பொருளானாலும் விவாதிப்பது அவருடைய வழக்கமாகியிருந்தது. அங்கே மீண்டும் மீண்டும் எழுந்த கேள்வி ஒன்றே ஒன்றுதான்: லெஸ்டாட் எப்போது வருவான்?

2014இல் 'பிரின்ஸ் லெஸ்டாட்' வந்தது. அதன் தொடக்கத்தில் நியூயார்க்கிலிருந்து பெஞ்சி என்னும் இளம் இரத்தக்காட்டேரி இணைய வானொலி நடத்துகிறான். உலகெங்குமுள்ள இளைய இரத்தக்காட்டேரிகள் அதைக் கேட்டு, அதோடு தொடர்பு கொண்டு, தங்களுக்கு வழிகாட்ட யாரும் இல்லையே என்று முறையிடுகிறார்கள். மூத்தவர்களே, வெளியே வாருங்கள் என்று பெஞ்சி ஒவ்வோர் இரவும் கூவுகிறான். லெஸ்டாட்டோ எங்கோ ஒதுங்கி, பேச விருப்பமின்றி இருக்கிறான். வாசகர்களின் பத்தாண்டு நச்சரிப்பை இதைவிட நேர்த்தியாக யாரும் கதைக்குள் கொண்டுவந்திருக்க முடியாது. நாவல் தேவைக்கு மேல் பாத்திரங்கள் நிறைந்தது, நடுப்பகுதி தள்ளாடுகிறது. ஆனாலும் தம்மை வறுத்தெடுத்த கூட்டத்தையே கதையின் இயக்குவிசையாக மாற்றிக்கொண்ட அந்தக் கெட்டிக்காரத்தனம், பழைய ரைஸ் திரும்பிவிட்டார் என்று எனக்குக் காட்டியது. அதற்குப் பிறகு இரண்டு பாகங்கள் எழுதினார். கடைசிப் பாகம் 2018இல் வந்தது. 2021 டிசம்பர் 11 அன்று, தம் எண்பதாவது வயதில் காலமானார்.

அடுத்த ஆண்டே முதல் நாவலைத் தழுவிய தொலைக்காட்சித் தொடர் வந்தது. புதிய வாசகர்களில் பெரும்பாலோர் அதைப் பார்த்துவிட்டு நாவலுக்கு வருகிறவர்கள். அந்தத் தொடரிலும் ஒரு பேட்டி நடக்கிறது, ஆனால் இரண்டாம் முறையாக. டேனியல் இப்போது முதிர்ந்த பத்திரிகையாளர். பல ஆண்டுகளுக்கு முன் எடுத்த பேட்டி கெட்டுப்போனதால் துபாயில் மீண்டும் லூயியின் எதிரில் அமர்கிறார். இம்முறை அவர் கெஞ்சுவதில்லை. பழைய நாடாவில் நீ சொன்னது வேறு, இப்போது சொல்வது வேறு என்று குறுக்குக் கேள்வி கேட்கிறார். தொடரின் லூயி கறுப்பினத்தவன், கதையும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆரம்பிக்கிறது. இந்த மாற்றங்களை ஏற்காத பழைய வாசகர்கள் உண்டு. ஆனால் தொடரிலிருந்து நாவலுக்கு வந்தவர்களின் எதிர்வினைதான் எனக்குக் கூடுதல் பொருளுள்ளதாகப் படுகிறது: நாவலின் லூயி 1791இல் லூசியானாவில் அவுரித் தோட்டம் வைத்திருந்த அடிமை உடைமையாளன், தன் ஆன்மாவைப் பற்றி நூற்றுக்கணக்கான பக்கங்கள் வருந்துகிறவன், தான் உடைமையாக வைத்திருந்த மனிதர்களைப் பற்றி வருந்திய வரிகள் எத்தனை என்று அவர்கள் கேட்கிறார்கள். 1976இன் வாசகர்களில் பெரும்பாலோர் இந்தக் கேள்வியில் நின்று யோசிக்காமல் கடந்துபோனார்கள். நானும் என் பென்சில் நண்பரும் அந்தக் கூட்டத்தில் அடக்கம்.

கேள்வியோடு திரும்பிப் போய்ப் படித்தால் நாவலிலேயே ஒரு விஷயம் கண்ணில் படுகிறது. தங்கள் எசமானர்கள் பகலில் வெளியே வருவதில்லை, உண்பதில்லை, மாறிவிட்டார்கள் என்பதை அந்தத் தோட்டத்தில் முதலில் கண்டுகொண்டவர்கள் அடிமைகள்தாம். அவர்கள் இரவில் கூடிப் பேசுவதைக் கேட்டு அஞ்சித்தான் லூயியும் லெஸ்டாட்டும் தப்பிக்க வேண்டியதாகிறது. லூயி தன் வீட்டுக்குத் தானே தீ வைக்கிறான். மயங்காமல், கெஞ்சாமல், தம் எதிரில் நிற்பது என்ன என்பதைச் சரியாகப் புரிந்துகொண்டவர்கள் இந்த 13 பாகங்களிலும் அவர்களைப் போல் வேறு யாரும் இல்லை. லெஸ்டாட் லூயியை மறுத்து எழுதினான். அர்மாண்ட், மேரியஸ் என்னும் வேறு இரத்தக்காட்டேரிகளும் தம் பங்குக்கு எழுதினார்கள். அந்தத் தோட்டத்து மனிதர்களில் ஒருவர் லூயியின் பேட்டியைப் படித்துவிட்டு எழுதியிருக்கக்கூடிய பாகம் மட்டும் இன்னும் எழுதப்படாமல் இருக்கிறது.